டிஎன்ஏ ஊர்ப் பெயர் சொல்லுமா?

நீங்கள் கேட்டது இது. அப்பாவின் தாத்தா "ஆற்காட்டுப் பக்கம்" எங்கிருந்தோ பெங்களூருக்கு வந்து அல்சூரில் குடியேறியவர், கட்டட மேஸ்திரி. எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா போன வருடம் தவறிவிட்டார். மேஸ்திரியின் கடைசி மகள், அதாவது அப்பாவின் அத்தை, 88 வயதில் காக்ஸ் டவுனில் இருக்கிறார். நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது. டிஎன்ஏ பரிசோதனை செய்தால் பூர்வீக ஊர் தெரியுமா, இல்லை இதற்கென்று இருக்கும் ஆராய்ச்சியாளர் யாருக்காவது பணம் கட்டலாமா?

டிஎன்ஏ ஊர்ப் பெயர் சொல்லாது. குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், சில வாரம் கழித்து ஒரு வரைபடம் வரும். அதில் தென்னிந்தியா மேல் ஒரு நிறம் பூசியிருக்கும். அது உங்களுக்கு இப்போதே தெரியும். டிஎன்ஏவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் செலவு ஆட்டோ செலவாக இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை காக்ஸ் டவுன் போய்விடுங்கள். ஆவணங்கள் ஆறு மாதம் கழித்தும் அலமாரியில் இருக்கும். 88 வயது நினைவு இருக்குமா?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவாஜி நகரில் ஒரு வக்கீலிடம் 26 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். சொத்து வழக்கு என்றாலே வம்சாவளி தேடுவதுதான் பாதி வேலை. ஓய்வுக்குப் பிறகும் அதே வேலையைச் செய்கிறேன், இப்போது காசு வாங்காமல். எங்கள் குடும்பமும் உங்கள் குடும்பம் மாதிரிதான். "ஆம்பூர் பக்கம்" என்ற இரண்டு வார்த்தையோடு தண்டுக்கு, அதாவது பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு வந்த கூட்டம்.

அத்தைப் பாட்டியிடம் "நம்ம சொந்த ஊர் எது?" என்று கேட்காதீர்கள். "ஆற்காடு" என்பார், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சின்ன வயதில் ஊருக்குப் போனபோது எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்த பிறகு, அந்தப் பக்கத்துச் சனம் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் வந்து போனது. ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி, வாலாஜா ரோடு, அரக்கோணம் என்று நீங்களே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்; ஏதாவது ஒரு பெயரில் அவர் முகம் மாறும். அப்புறம், இறங்கியதும் மாட்டு வண்டியா நடையா? பாலாற்று மணலைத் தாண்டினீர்களா? மலை எந்தப் பக்கம் தெரிந்தது? முதல் மொட்டை எங்கே போட்டார்கள், காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தார்கள்? எங்கள் சின்னப் பாட்டிக்கு ஊர்ப் பெயர் ஞாபகம் இல்லை. ஆனால் "ஆத்து மணல்ல கால் சுடச் சுட ஓடுவோம், அக்கரையில ஒரு புளியந்தோப்பு, அங்க நின்னு மூச்சு வாங்குவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் தேட வேண்டிய ஊர்களைப் பத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். ஒரே நாளில் பிழிந்தெடுக்காமல் மூன்று நான்கு தடவையாகப் போங்கள். போகும்போது ஒரு பழைய கல்யாண போட்டோ கொண்டுபோங்கள். கேள்வி கேட்டு வராத பெயர்கள் எல்லாம் போட்டோவைப் பார்த்ததும் தானாக வரும்.

"ஆற்காடு" என்ற வார்த்தையை நம்பி இன்றைய ஆற்காடு நகரத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். அந்தக் காலத்தவர் சொன்னது வட ஆற்காடு ஜில்லாவை. 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோது அதன் சில தாலுகாக்கள் அங்கே போயின. அதனால் உங்கள் "ஆற்காடு" இன்று ஆந்திராவில்கூட இருக்கலாம். மீதியிருந்தது 1989இல் வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது. 2019இல் வேலூரும் உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனியாகப் போயின. "சேலம் ஜில்லா" என்று சொன்ன குடும்பங்களுக்கும் இதே கதை. தர்மபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் பிரிந்தவை. பெங்களூரில் பாட்டி "சேலம்" என்றால் அது பெரும்பாலும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்தான். பழைய காகிதத்தில் உள்ள ஜில்லாவை இன்றைய மாவட்டமாக மாற்றிப் பார்க்காமல் தேடி, தவறான தாலுகா ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் நின்றவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

அடுத்தது குலதெய்வம். ஊரை மறந்த குடும்பம்கூட இதை மறந்திருக்காது. ஆனால் எல்லாக் குலதெய்வமும் ஒரே அளவு உதவாது. உங்கள் வீட்டில் "படவேடு ரேணுகாம்பாள்" என்றோ "மேல்மலையனூர் அங்காளம்மன்" என்றோ சொன்னால், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே குலதெய்வம். ஆடி மாதம் படவேட்டுக்கு பெங்களூரிலிருந்தே எத்தனை வண்டி போகிறது என்று பாருங்கள். அதை வைத்து ஊரைக் குறுக்க முடியாது. அதனால் "படவேடு போறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது பொங்கல் வைப்பீங்களா?" என்று கேளுங்கள். ஏரிக்கரை முனீஸ்வரன், வேப்ப மரத்தடியில் ஏழு கல், பேரே இல்லாத ஒரு அம்மன் என்று ஏதாவது சின்னக் கோயில் வெளியே வரும். அதுதான் உங்கள் முகவரி. அந்த மாதிரிக் கோயில்களில் பங்காளிகளுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. வரி என்றால் நோட்டு உண்டு. நோட்டு என்றால் தலைக்கட்டுக்கு ஒரு பெயர், அப்பா பெயரோடு. ஊரை விட்டுப் போனவர் பெயரும் சில நோட்டுகளில் "பெங்களூர்" என்ற குறிப்போடு பல வருடம் தொடரும், வரி பாக்கியோடு.

இனி மொய் நோட்டு. என்னைக் கேட்டால், தமிழ்க் குடும்பங்களின் வம்ச ஆவணங்களில் இதற்குத்தான் முதலிடம், பட்டாவுக்குக்கூட அடுத்த இடம்தான். வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவதும் இதுதான், என்ன செய்வது. ஒரு கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன முறை, எவ்வளவு செய்தார்கள் என்று அன்றைக்கே எழுதியது. பொய் எழுத யாருக்கும் காரணம் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன் ஆயிற்றே. எங்கள் வீட்டில் கிடைத்தது "பிலவ வருஷம் ஆவணி" என்று தலைப்பிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு. பிலவ அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும், 1901ஆ 1961ஆ? உள்ளே மொய்த்தொகை நயா பைசாவில் இருந்தது, அதனால் 1961. இருநூற்றுச் சொச்சம் பெயரில் பதினொரு பெயருக்கு ஒரே ஊர். அந்தப் பதினொன்றில் நான்கு பேருக்குப் பக்கத்தில் "பங்காளி" என்று எழுதியிருந்தது. புளியந்தோப்பு அந்த ஊரில் இப்போது இல்லை, வெட்டிவிட்டார்கள். ஆனால் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பெயர்தான்.

இதே வரிசையில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். அழுதுகொண்டே யாரோ ஒரு மாமா உட்கார்ந்து யாரையும் விட்டுவிடாமல் எழுதியிருப்பார். பள்ளி டி.சி.யில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் "பிறந்தவர்கள்", வாத்தியார் புண்ணியம்.

காகிதத்தில் இறங்கும் முன் நம் பெயர் வைக்கும் முறையில் உள்ள கண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். போதாததற்கு தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. முனுசாமி மகன் பொன்னுசாமி, பொன்னுசாமி மகன் முனுசாமி, அந்த முனுசாமி மகன் மறுபடி பொன்னுசாமி. ஒரு பத்திரத்தில் "முனுசாமி குமாரர் பொன்னுசாமி" என்று பார்த்துத் துள்ளிக் குதித்து, எட்டு மாதம் அவர் பின்னால் போனேன். கடைசியில் பார்த்தால் அவர் நான் தேடியவரின் பேரன். வருடத்தையும் மனைவி பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பெயரையும் உறுதி செய்யாதீர்கள். ஆங்கிலப் பதிவுகளில் இன்னும் கூத்து: முனுசாமிக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல் உண்டு, வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. தேடும் பெட்டியில் ஒரே ஸ்பெல்லிங் போட்டுவிட்டு "இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

நிலப் பதிவுகள் எல்லாருக்கும் பயன்படாது. நிலம் இருந்தவருக்குத்தான் அதில் பெயர். உங்கள் கொள்ளுத் தாத்தா மேஸ்திரி. ஊரில் காணி இருந்ததா என்று அத்தைப் பாட்டியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இருந்தது என்றால் செட்டில்மென்ட் பதிவேடு, கிராம நிலக் கணக்கான அ பதிவேடு, மானியமாகக் கொடுத்த இனாம் நிலமாக இருந்தால் 1860களில் எழுதிய இனாம் பதிவேடு என்று பின்னோக்கிப் போகலாம். பழையவற்றுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டியிருக்கும். கணக்கு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டில் இருக்கும். 590 கூட்டினால் ஆங்கில வருடம். பசலி 1318 என்றால் 1908 ஜூலையில் தொடங்குகிறது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டில் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பரம்பரைக் கர்ணம் பதவியை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதற்குப் பிறகு கணக்குகள் அரசாங்கத்திடம் போய்விட்டன. ஆனாலும் அந்தக் குடும்பத்துப் பெரியவர் உயிரோடு இருந்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருவது நல்லது. யார் எந்த வருடம் ஊரை விட்டுப் போனார் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

பத்திரப் பதிவு 1865 முதல் நடக்கிறது. தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்தில் 1975க்குப் பிறகான வில்லங்கத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, பொறுமையாக இருக்க வேண்டும். பத்திரங்களில் நான் எப்போதும் முதலில் தேடுவது கிரயப் பத்திரத்தை அல்ல, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தை. காரணம் சொல்கிறேன். நம் ஆவணங்களில் பெண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். கிரயப் பத்திரம் முழுக்க "இன்னார் குமாரர் இன்னார்" தான். பெண் வந்தாலும் "இன்னார் மனைவி" என்பதோடு சரி. ஆனால் 1989இல் தமிழ்நாடும், அடுத்து கர்நாடகமும், 2005இல் நாடு முழுக்கவும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்ததும், அண்ணன் தம்பிகள் சகோதரிகளை வண்டி வைத்து அழைத்துவந்து கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். அந்த விடுதலைப் பத்திரங்களில் ஒவ்வொரு மகளின் பெயரும், வயதும், புருஷன் பெயரும், வாழ்க்கைப்பட்ட ஊரும் இருக்கும். பங்கை விட்டுக்கொடுத்த அன்றுதான் பல பெண்களுக்கு முதன்முதலாகப் பத்திரத்தில் பெயர் வந்தது.

பெங்களூர்ப் பக்கத்துக் காகிதங்களைத் தேடும்போது தண்டும், பழைய நகரமான பேட்டையும் அன்று வெவ்வேறு நிர்வாகம் என்பதை மறக்காதீர்கள். 1881இல் மைசூரை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்த பிறகும் கண்டோன்மென்ட்டைப் பிரிட்டிஷ் ரெசிடென்ட் தன் கையிலேயே வைத்திருந்தார், 1947 வரை. 1949இல்தான் இரண்டு பக்கமும் ஒரே மாநகராட்சி ஆனது. அதனால் அல்சூர்க்காரரை மைசூர் அரசுக் கோப்பில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அவர் இல்லை என்று அர்த்தம் இல்லை. மேஸ்திரி என்கிறீர்கள், ராணுவக் கட்டட வேலையா, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படைப் பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேளுங்கள். முதல் உலகப் போரில் இறந்த சிப்பாய் குடும்பத்தில் யாராவது இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல இந்தியப் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா பெயர், கிராமம், தாலுகா வரை இருக்கும். கோலார் தங்கவயல் கிளை இருந்தால் சுரங்க வேலைக் காகிதங்களைத் தேடுங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது கணக்கு முடித்துக் கொடுத்த தாள்களைப் பல வீடுகளில் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அரசு வேலை என்றால் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கம்.

கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஞானஸ்நானப் பதிவில் அம்மா பெயரும் இருக்கும். பழைய கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருந்தாலும் பெயரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமே என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் 72 வருடம் கழித்துத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம், கிடைக்காது.

ஆராய்ச்சியாளர் பற்றி. நல்லவர்கள் இருக்கிறார்கள்; பெரும்பாலும் ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஆட்கள், பத்திர எழுத்தர்கள், ஆவணக் காப்பகத்தில் பழகிய ஆய்வு மாணவர்கள். ஆனால் மொத்த வம்சத்தையும் எழுதித் தருகிறேன் என்று ஒரே தொகை கேட்பவரிடம் போகாதீர்கள். நானும் ஒரு முறை ஏமாந்தேன். பெயர் வேண்டாம். ஸ்பைரல் பைண்டிங் போட்ட நாற்பது பக்கப் புத்தகம் வந்தது. எங்கள் மேஸ்திரிக் குடும்பம் பல்லவ அரசனில் தொடங்கியது. நடுவில் ஆயிரம் வருடத்துக்கு ஒரு காகிதம் கிடையாது. என் தாத்தாவின் அப்பா பெயர் மட்டும் தப்பு. வேலை கொடுப்பதென்றால் சின்னதாக, திட்டமாகக் கொடுங்கள்: இந்தச் சார்பதிவாளர் அலுவலகம், இந்த வருடத்திலிருந்து இந்த வருடம், இந்தப் பெயர். கிடைத்தால் சான்றிட்ட நகல். கிடைக்காவிட்டாலும் எதையெல்லாம் பார்த்தார் என்ற குறிப்பு. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றையும், இங்கே கர்நாடகத்தில் நாடகச்சேரி என்ற வருவாய்த்துறை ஆபீஸில் வாங்கும் வம்ச விருட்சத்தையும் ஆராய்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அடிப்படையில் நாம் சொன்னதை நமக்கே முத்திரை போட்டுத் தருவதுதான்.

சரி, டிஎன்ஏ. அது ஊரைச் சொல்லாது, ஆளைச் சொல்லும், அதுவும் ஒப்பிட ஆள் இருந்தால். உங்கள் மரபணுவும் இன்னொருவர் மரபணுவும் எவ்வளவு நீளம் ஒத்துப்போகிறது என்று பார்த்து, இவர் உங்களுக்குச் சொந்தம் என்று காட்டும். அந்த இன்னொருவரும் அதே பரிசோதனை நிறுவனத்தின் தளத்தில் இருக்க வேண்டும். ஆம்பூர்ப் பங்காளி யாரும் இதுவரை எச்சில் அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கடல் தாண்டியவர்களின் வாரிசுகள். அங்கேதான் இதற்கு உயிர் வருகிறது.

காக்ஸ் டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். உங்களை மாதிரியே ஊர் தெரியாது. மகன் வெளிநாட்டில் இருந்தபோது விளையாட்டாகப் பரிசோதனை செய்தான். டர்பனில் ஒரு பெண்மணி சொந்தம் என்று காட்டியது. அவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர்களின் வழி. 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது; 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதினார்கள். அந்தப் பட்டியல்களை இன்று தேடிப் பார்க்கலாம். மொரிஷியஸ் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பெண்மணி தன் பூட்டனாரின் எண்ணை அனுப்பினார். அதில் கிராமப் பெயர் இருந்தது. காக்ஸ் டவுன்காரர்கள் அந்தக் கிராமத்துக்குப் போனார்கள், அவர்கள் குலதெய்வம் அங்கேதான் இருந்தது. கப்பல் ஏறிய தம்பிக்கு ஊர்ப் பெயரை எழுதி வைத்தார்கள், ரயில் ஏறிய அண்ணனுக்கு யாரும் எழுதவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் பிடித்துப் போனவன் கணக்குக்காக எழுதியது, நூற்றைம்பது வருடம் கழித்து ஓசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு உதவியது.

அந்தத் தளம் அந்தப் பெண்மணியை இன்னும் நெருங்கிய சொந்தம் என்று காட்டியது. காகிதத்தில் கணக்குப் போட்டால் இரண்டு தலைமுறை தள்ளி வந்தது. இது நம் ஆட்களுக்கு எப்போதும் நடக்கும். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுகிறார், மாமன் மகளை அத்தை மகன் கட்டுகிறார். தாய்மாமன் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு, ஒரே ஆள் அப்பா வழியில் தாத்தா, அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா. மரபணு இரண்டு வழியாகவும் வருவதால் பொருத்தம் ஊதிக் காட்டும். தளம் கணக்குப் போடுவதோ சொந்தத்தில் கட்டாத ஐரோப்பியக் குடும்பங்களை வைத்து. அதனால் அது சொல்லும் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒன்றிரண்டு தலைமுறை தூரம் கூட்டிப் பாருங்கள்.

யாருடைய எச்சில்? உங்களுடையது அல்ல. மேஸ்திரியின் மரபணுவில் சராசரி எட்டில் ஒரு பங்குதான் உங்களிடம் இருக்கிறது. அத்தைப் பாட்டியிடம் சரியாகப் பாதி இருக்கிறது. அவர் சம்மதித்தால் ஒரே ஒரு பரிசோதனை, அவருக்கு. வயதானவர்களுக்கு எச்சில் ஊறாது. கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் தடவும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம், நீங்கள் பெண் என்பதால், உங்களிடம் கிடையாது. அது வேண்டுமென்றால் உங்கள் தம்பியோ பெரியப்பா மகனோ கொடுக்க வேண்டும். அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைக்கும் போய், மகள் வழியாக மட்டுமே தொடரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒன்றும் உண்டு. பத்திரத்தில் விட்டுப்போன பெண்கள் எல்லாரும் அதில் வரிசையாக இருக்கிறார்கள், பெயர் மட்டும்தான் இல்லை. ஆனால் இவை இரண்டும் பேசுவது ஆயிரக்கணக்கான வருடக் கணக்கை. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒய் குரோமோசோமில் உள்ள எம்130 என்ற குறியீட்டைப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டது பெரிய செய்தியானது. ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக வந்த பழைய பயணத்துக்கு அது சான்று. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தெருவைக் காட்ட அதனால் முடியாது.

இன்னொரு பயன் உண்டு, அது ஊர் தேடுவதில் சேராது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட சமூகங்களில் சில பரம்பரைக் கோளாறுகள் கூடிவிடும். 2017இல் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவில் 260க்கு மேற்பட்ட குழுக்களைப் பார்த்து, 81 குழுக்களில் இந்த விளைவு பலமாக இருப்பதாகச் சொன்னது. வைசியர்களில் சிலருக்கு மயக்க மருந்துடன் கொடுக்கும் தசை தளர்த்தி சீக்கிரம் கலையாது. மயக்க மருத்துவர்கள் சமூகத்தைக் கேட்பது அதனால்தான். நம் ஊர் இந்திய அறிவியல் கழக வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான். நீங்கள் போய் எச்சில் கொடுத்து வம்சம் கேட்கும் இடம் அல்ல.

பணம் கட்டும் முன் இரண்டு எச்சரிக்கை. ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. கிரெடிட் கார்டு எண் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை என்ன செய்வது? உங்களுடையது வெளியே போனால் தம்பியுடையதில் பாதியும் போனமாதிரி. வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டாவது, எதிர்பாராதது வரலாம். பெரியப்பா மகன் பெரியப்பாவின் மகன் இல்லை என்று வரலாம். கேட்காத கேள்விக்கும் பதில் வரும் பரிசோதனை இது. சொத்துக்கு இதை வைத்து வழக்குப் போடலாமா என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். யார் துப்பியது என்பதற்கே சாட்சி கிடையாது. நீதிமன்றமும் கேட்டவுடன் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவு போடுவதில்லை; உச்ச நீதிமன்றத்தின் 1993 கௌதம் குண்டு தீர்ப்பு முதல் அதுதான் நிலை.

ஆக, முதலில் காக்ஸ் டவுன். அப்புறம் வீட்டுப் பரண். மொய் நோட்டு கிடைத்தால் எல்லாப் பக்கத்தையும், அட்டையின் உள்பக்கத்தையும்கூட, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டுத்தான் தூசி தட்ட வேண்டும். இரண்டு மூன்று ஊர்ப் பெயர் தேறியதும் எனக்கு எழுதுங்கள், பழைய தாலுகா எது என்று பார்த்துச் சொல்கிறேன். ஊருக்குப் போவதை ஆடி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோயிலில் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். காரில் போய் இறங்கினால் நிலம் கேட்க வந்தவர்கள் என்று நினைத்து வாயைத் திறக்க மாட்டார்கள். பஸ்ஸில் போங்கள், அத்தைப் பாட்டியின் பழைய போட்டோவோடு. நோட்டு வைத்திருப்பவரைக் கண்டுபிடித்ததும் கொள்ளுத் தாத்தாவின் வரி பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். ரசீதில் யார் பெயர் போடுவது என்று கேட்பார். அத்தைப் பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள். "பொம்பளைப் பேரா?" என்பார் கட்டாயம்.